சத்தம் போடாத வண்டி

— "அப்பா நம்பரை அழிக்கவே கை வரல"ன்னு, அப்பா இறந்த புதுசுல போனைக் கையில வெச்சுக்கிட்டு உன் மடியில படுத்து அழுதேன். நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?

— இப்ப எதுக்கு அது? ரோட்டைப் பாத்து ஓட்டு.

— பாத்துதான் ஓட்டறேன். சொல்லு.

— "அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்"னேன்.

— அவ்வளவு ஆறுதலா இருந்துச்சு. புருஷன்னா இப்படி இருக்கணும்னு நினைச்சேன். கொஞ்ச நாள்ல பாத்தா, நான் சொன்ன அதே வரி சிக்னல் பக்கத்து விளம்பர போர்டுல ஆளுயர எழுத்துல நிக்குது. கீழே இன்ஷூரன்ஸ் கம்பெனி முத்திரை.

— அதாவது... அந்த வரி அவ்வளவு நல்லா இருந்துச்சு.

— இருக்காதா பின்னே? அழுதவ வாயில இருந்து வந்ததாச்சே. விளம்பரம் எழுதினவன்னு உனக்கு விருது குடுத்தாங்க, ஊரே அதை வெச்சு மீம்ஸ் போட்டுச்சு. "பழைய காதலி நம்பரை அழிக்கவே கை வரல"ன்னு டீக்கடைக்காரர் எனக்கே அனுப்பினார்.

— அவருக்கு என்ன தெரியும், பாவம்.

— அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே! அம்மா அந்த ரோட்டுப் பக்கம் போறதையே விட்டுட்டாங்க. மருந்து வாங்கக்கூட சுத்திதான் போறாங்க.

— ...பள்ளம், பள்ளம்!

— தெரியுது. தோளைப் பிடிச்சுக்கோ கவிஞரே. பிரிஞ்சு இருக்கற பொண்டாட்டி தோளைப் பிடிச்சா போலீஸ் பிடிக்காது.

— வேலையைப் பாப்போமா? ஓட்டிப் பாத்து விளம்பரம் பண்ணுங்கன்னு ஸ்கூட்டர் கம்பெனிக்காரங்க நம்ம ஆபீஸுக்கு வண்டியையே குடுத்துட்டாங்க. நாளைக்கு வந்து ஐடியா எங்கேன்னு கேப்பாங்க. புகை இல்ல, சத்தம் இல்ல. அதாவது, அந்த சத்தம் இல்லாததுதான் அவங்களுக்குக் கவலையே.

— ஏனாம்?

— மின்சார வண்டின்னா பொம்மை மாதிரி இருக்குன்னு ஜனங்க நினைச்சுடுவாங்களாம். அதனால ஸ்டார்ட் பண்ணினதும் சினிமா ஹீரோ என்ட்ரி மியூசிக் வைக்கலாமான்னு கேக்கறாங்க.

— விசில் அடிக்கற ஆளுங்களையும் வண்டியோட சேத்துக் குடுப்பாங்களா?

— ஸ்டெப்னிக்குப் பதிலா அதுதான்.

— சிரிக்க வைக்காத, வண்டி ஆடுது. நான் ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கேன், கேளு. பஸ் ஸ்டாப்ல பெரிய கட்அவுட். ஹீரோ ஹீரோயின் வண்டியில போறாங்க, பழைய சினிமா பேனர் மாதிரி ரோஸ் கன்னம், நீல வானம். அதுக்கு முன்னாடி நிஜ ஸ்கூட்டர் ஒண்ணைத் தரையோட போல்ட் போட்டு நிறுத்தறோம்.

— உக்காந்தா?

— ஒருத்தர் உக்காந்தா ஒண்ணும் ஆகாது. பின் சீட்லயும் ஒருத்தர் உக்காந்தாதான் கட்அவுட்ல விளக்கு எரியும். தனியா வந்தவங்க பக்கத்துல நிக்கறவங்களை "கொஞ்சம் வந்து உக்காருங்களேன்"னு கூப்பிட்டே ஆகணும்.

— அடிப்பாவி! பிரமாதம்!

— ஏன் கத்தற? இதுல முணுமுணுத்தாலே கேக்குது. பழைய வண்டியில "என்ன? என்ன?"ன்னு கேட்டே நமக்குப் பாதி வாழ்க்கை போச்சு. இதுல பாரு, நீ பின்னாடி பெருமூச்சு விடறதுகூடக் கேக்குது.

— ம்.

— என்ன, பேச்சையே காணோம்? ஓ... பேனா வெளியில வந்தாச்சா?

— இல்ல.

— புளுகாத. "பெருமூச்சு விடறதுகூடக் கேக்குது." சொன்ன எனக்கே தெரியுது, அதுதான் தலைப்பு. கம்பெனிக்காரங்க கொத்திட்டுப் போவாங்க.

— அதேதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை தேவையில்ல. ஆனா எழுதல.

— ஏன்?

— நீ என்கிட்ட சொன்னே. போர்டுகிட்ட சொல்லல.

— ...அப்ப நாளைக்கு எதைக் காட்டுவே?

— மொக்கையா ஒண்ணு எழுதறேன். உன் கட்அவுட் இருக்கு, சமாளிச்சுடலாம்.

— பாஸ் உன்னைக் கிழிகிழின்னு கிழிப்பாரு.

— கிழிக்கட்டும்.

— சரி, உன் தெரு வந்தாச்சு. இறங்கிக்கோ, நான் இப்படியே அம்மா வீட்டுக்குப் போறேன். அத்தை எப்படி இருக்காங்க?

— தினம் ஒரே பாட்டுதான். "அவ கோவம் நியாயம்டா, போய்க் கூப்பிட்டியா?"ன்னு. "கூப்பிடறேம்மா"ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிடுவேன்.

— நாலு மாசமா ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஊருக்கெல்லாம் எழுதறவனுக்கு என்கிட்ட சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கல?

— எழுதிப் பாத்தேன். எல்லாமே விளம்பரம் மாதிரி இருந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்.

— எழுதாம சொல்லேன். வாயால சொல்லு.

— பின்னாடி கார்க்காரன் ஹார்ன் அடிக்கறான்.

— அடிக்கட்டும். நீ ஏன் இன்னும் இறங்கல?

— உன்னை வீட்டுக்கு வான்னு கூப்பிட எனக்கு இன்னும் யோக்யதை வரல. அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய மன்னிப்பு ஒண்ணு இருக்கு, நாலு மாசமா தள்ளிப் போட்டுட்டே வரேன். வண்டியைத் திருப்பாத, நேரா போ. என்னை உங்க அம்மாகிட்ட கூட்டிட்டுப் போ.