பஞ்சாரத்துச் சேவல்

“கதவைத் தெறங்க மதினி. நாளைக்கு எங்கூட வள்ளத்துல வரட்டும். சகாயத்துக்கு வலிப்பும் இல்ல, ஒரு மண்ணும்—”

“ஏலே, அண்ணனையே கடல்ல விட்டுட்டு வந்தவன் நீ, எம்புள்ளையவா கூப்புடுற—”

“—ஒரு மண்ணும் இல்ல. கெளப்பிவிட்டதே நீங்கதான்.”

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. இல்லாவிட்டால் நான் அவ்வளவு சத்தம் போடுகிறவள் இல்லை.

என் கொழுந்தன் பெஞ்சமின் சொன்னது உண்மைதான். ஐம்பத்தைந்தாம் வருஷப் புயலில் என் வீட்டுக்காரரும் மூத்தவனும் போனார்கள். மிஞ்சியவன் சகாயம். வலிப்பு உள்ளவனைப் பாம்பன் கரையில் எவரும் வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால் அவனுக்கு வலிப்பு என்று ஊரில் சொன்னேன். நாலு பேரோடு பழகினால் பொய் தெரிந்துவிடுமே, பின்னறையில் வைத்துப் பூட்டினேன். அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. வேளைக்குச் சோறு கொடுத்தேன். வெளியே எல்லோரும் உன்னைச் சங்கிலியில் கட்டக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். முதலில் அழுதான். பிறகு சுவரோடு பேசினான். பிறகு அதுவும் நின்றது. வருஷங்கள் போயின. ஒருநாள் தட்டு வைத்த என் கையைக் கடித்தான்.

எனக்கு அது புதிதில்லை. என் வீட்டுக்காரர் சண்டைச் சேவல் வளர்த்தவர். மற்றச் சேவல் கண்ணில் படாமல் தனியாகப் பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்த்துவைப்பார். ஒருமுறை பாவம் பார்த்து அதற்குள் ஒரு பெட்டையை விட்டேன். கொத்தியே கொன்றுவிட்டது. “அது மேல தப்பில்ல புள்ள, அதுக்குத் தொணை பழக்கமில்ல” என்றார்.

பெஞ்சமின் அன்று போவதாக இல்லை. ஊராரைக் கூட்டிவந்து கதவை உடைப்பேன் என்றான். சரி என்று குழம்பை இறக்கிவைத்தேன். பெஞ்சமின் பார்க்காமல், சோற்றுத் தட்டோடு மீன் கத்தியையும் கதவடிச் சந்து வழியாக உள்ளே தள்ளினேன்.

“சகாயம், சித்தப்பன் சங்கிலி கொண்டாந்திருக்கான்யா” என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பிறகு பூட்டைத் திறந்தேன். “போப்பா, போயிப் பாரு” என்றேன் பெஞ்சமினிடம்.

பெஞ்சமின் சிரித்துக்கொண்டேதான் போனான். “ஏலே மருமவனே” என்று... இல்லை, “ஏலே மவனே” என்றுதான் கூப்பிட்டான். அவ்வளவுதான் அவனுக்கு வாய்த்தது.

குத்தியது சகாயம். ஆனால் அவன்மேல் தப்பில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. லாக்கப்பில் அவனை மூன்று பேரோடு போட்டிருக்கிறீர்கள். முதலில் மூலையில் ஒண்டிக் கிடந்தானாம். இன்று பார்த்தேன், அவர்களோடு ஒரே சட்டியில் கைவைத்துச் சாப்பிடுகிறான். ஒருவன் ஏதோ கேலி சொல்ல, சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

“அவனைத் தனியா வைங்கய்யா. கூட்டத்துல கெடந்தா எம்புள்ள கெட்டுப்போவான்.”