முதுகில் விழாத குத்து

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் என் முன் சீட்டில் கரும்பு டிராக்டர் டிரைவர்கள் இருவர்.

“நேத்து ஆலை வாசல்ல க்யூ நகர்றத நானே பாத்தேன்,” என்றார் பெரியவர், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

“அதுல இன்னாண்ணா அதிசயம்?”

“எப்பவும் ஸ்டேரிங்மேல தூங்கிக்கினு இருப்பேன். பின்வண்டிக்காரன் வந்து எழுப்புவான். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போவுதுன்னு டாக்டரு மெஷின் குடுத்தாரு. பத்து நாளா அத மூக்குல மாட்டிக்கினுதான் படுக்கறேன்.”

“அண்ணி இன்னா சொல்றாங்க?”

“பைக்குல போனா, நான் தூங்கிடக் கூடாதுன்னு முதுகுல குத்திக்கினே வருவா. முந்தாநாளு தியாகதுருகம் போனோம். ஒரு குத்துகூட இல்ல.”

“பயம் போயிடுச்சா?”

“இத்தினி வருசமா என் மூச்சு நிக்குதான்னு பாத்துக்கினே ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தவ. என் முதுகுல சாஞ்சி தூங்கிட்டா.”