அலமாரி மேல் ரொட்டி

கிச்சுகிச்சு மூட்டினால் எலியும் சிரிக்கும் ஐயா. நம் காதுக்குக் கேட்காது, கருவி வைத்துத்தான் கேட்க வேண்டும். குட்டி எலி விழுந்து விழுந்து சிரிக்கும். கிழட்டு எலியோ என்ன மூட்டினாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என் மாமனாரும் அந்த ரகம்தான்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை, எலிகளுக்கு வயதாவதைக் கவனிப்பது. வயதாக ஆக மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறையும். எதிலும் ஆசை இருக்காது, வழி மறந்துபோகும், மூலையில் முடங்கிவிடும். அதே எலியை அரை வயிறாக வளர்த்து, தீனியைத் தினமும் புது இடத்தில் ஒளித்து வைத்தால், தள்ளாத வயதிலும் குடுகுடுவென்று ஓடித் தேடும். நான் கண்ணால் பார்த்தது. இவ்வளவு நல்ல விஷயத்தைக் கூண்டோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

போன வருடம் மாமாவும் அத்தையும் எங்களோடு இருக்க வந்தார்கள். மாடியில் என் அப்பா அம்மா. அவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயது. முழங்கால் வலி என்று கீழே இறங்கமாட்டார்கள். சாப்பாட்டை நானே சூடாக எடுத்துப்போவேன். மனைவிக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவாள். "எங்க அப்பா அம்மாவை நல்லாப் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டேன்.

மாமாவுக்குப் பாதிச் சாப்பாடு. அதுவும் தட்டில் வராது. ரொட்டி ஒருநாள் செருப்புப் பெட்டியில் இருக்கும், ஒருநாள் துணி துவைக்கும் மெஷினுக்குள். நாற்காலிகளையும் அவர் மூக்குக்கண்ணாடியையும் இடம் மாற்றி வைப்பேன்.

"மாப்பிள்ளை, பசிக்குது. விளையாடாதீங்க."

"தேடுங்க மாமா. உங்க நல்லதுக்குத்தான்."

கொஞ்ச நாளில் ஆளே மாறிவிட்டார். என் கை போகும் இடமெல்லாம் அவர் கண்ணும் போகும். மனைவி வந்து பார்த்து அசந்துபோனாள். "அப்பா எவ்வளவு சுறுசுறுப்பாயிட்டார். உங்களை மாதிரி மாப்பிள்ளை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். இளைத்ததைக் கேட்டாள். வயதானால் இளைக்கும் என்றேன். மாமா எதுவும் சொல்லவில்லை. மகள் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று பயந்திருக்கலாம். தவிர, அவள் வரும் அன்று தட்டு நிறையப் போடுவேன். பேச அவருக்கு ஏது நேரம்?

அத்தையை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் எந்தச் சோதனைக்கும் மதிப்பில்லை. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பாடு, தனி அறை, வெளியே பூட்டு. மனைவி வரும்போது மட்டும் திறப்பேன்; அத்தையும் மாமாவைப் போலவே மகளிடம் வாயைத் திறக்கவில்லை. ஐம்பது வருடம் ஒன்றாக இருந்தவர்களைப் பிரித்தது தவறு என்பீர்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நானா சொன்னேன்?

அத்தை சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். மாமாவுக்குப் பறக்கவில்லை. தேடிப் பிடித்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கதவிடுக்கில் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் தின்னுட்டேன். இது உனக்கு. அந்த ஆளு கண்ணுல மண்ணைத் தூவிட்டேன் பாரு."

உள்ளே அத்தை சிரித்தார். கருவி இல்லாமலே கேட்டது. எனக்குக் கோபம் வந்தது, உங்களிடம் மறைப்பானேன். பல மாத உழைப்பு பாழ்.

அதனால்தான் மறுநாள் ரொட்டியை அலமாரி உச்சியில் வைத்தேன். ஏறிய களைப்பில் அங்கேயே தின்றுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். நாற்காலி மேல் முக்காலியைப் போட்டு ஏறினார். எந்த எலியும் அப்படிச் செய்ததில்லை. விழுந்தபோது நான் அதே அறையில் இருந்தேன். ரொட்டியைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் அத்தையின் கதவை நோக்கி ஊர ஆரம்பித்தார். எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்த்தேன். கதவு வரைக்கும் போனார்.

ஆமாம், மாமா இறந்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவர் நல்லதுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அவ்வளவு நல்லது என்றால் மாடியில் இருப்பவர்களுக்கு ஏன் செய்யவில்லை என்றா கேட்கிறீர்கள்? என்ன ஐயா கேள்வி இது. பெற்றவர்களைப் போய் யாராவது பட்டினி போடுவார்களா?