முள்ளய்யாவும் சதுப்பு நிலத்துச் சுணைச்செடியும்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முள்ளய்யாவின் துணைவியாரே, நம் உலர்செடிக் காப்பகத்தின் தோழர்களே!

முள்ளய்யா என்று நாம் வாய்நிறைய அழைத்த தலைமைத் தாவர ஆய்வாளர் மறைந்துவிட்டார். அவரைப் புகழ்ந்து பேசத்தான் வந்தேன். வாசலில் அவர் துணைவியார் என்னை நிறுத்தினார். "அந்தச் செடி விஷயத்தையும் சொல்லிடுங்கண்ணே. மறைச்சா அவருக்குப் பிடிக்காது" என்றார். சொல்கிறேன்.

பேருந்துப் பணிமனைக்காக ஒரு சதுப்பு நிலத்தை நிரப்புவதற்கு முன், அங்கே அரிய செடி ஏதும் உண்டா என்று நம்மைக் கேட்டார்கள். அங்கிருந்து காய்ந்த தண்டு ஒன்று மேசைக்கு வந்தது. தலைக்கு மேல் வேலை. முள்ளய்யா நேரில் போகவில்லை; தண்டையும் மேலோட்டமாகத்தான் பார்த்தார். "சாதாரண முட்புதர், காட்டு பிளாக்பெர்ரி" என்று சொல்லிவிட்டார். லாரிகள் வந்தன. மண் விழுந்தது.

பிறகொரு நாள் அதே தண்டை லென்ஸில் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதுல முள்ளே இல்லங்க. தண்டு பூரா சுணை, பொடிப்பொடி மயிர். ஈரத்துல மட்டும் வளர்ற வேற இனம். போய்ப் பாக்காம அழிச்சிட்டேன்."

நாம் என்ன சொன்னோம் தோழர்களே? "விடுங்க, புதர்ச்செடிதானே!" என்றோம்.

"செடிக்கே சுணை இருக்கு. எனக்குச் சூடு சுணை இருக்க வேணாமா?" என்றார்.

தன் பிழையை ஊரறியச் சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு? நம் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார் முள்ளய்யா! அதன்பின் விடுமுறை என்றாலே அவருக்குச் சேறுதான். முழங்காலளவு தண்ணீரில் தேடித் தேடி, கடைசியில் ரயில் பாதையோரப் பள்ளம் ஒன்றில் அதே செடியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது இளந்தண்டு. அந்தத் தண்டு மறு ஆண்டுதான் பூக்கும். பூவையும் பார்த்தால்தான் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியும்.

மறு ஆண்டு அவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். துணைவியார்தான் பள்ளத்தில் இறங்கினார். அங்கிருந்து அவர் கைபேசியில் அழைத்தபோது நான் கட்டிலருகே இருந்தேன்.

"பூத்திருக்குங்க. வெள்ளைப் பூ."

"தண்டைத் தடவிப் பாரு. குத்துதா?"

"குத்தல. சொரசொரன்னு இருக்கு."

"அதேதான்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இது கிடைச்சதால அது திரும்பி வந்துடுமா?" என்றார்.

தோழர்களே, அந்த ரயில் பாதைப் பள்ளத்தைத் தூர்க்கப் போகிறார்களாம். அங்கே ஏதாவது இருக்கிறதா என்று நேற்று நம்மைக் கேட்டிருக்கிறார்கள். மேசைமுன் உட்கார்ந்தபடி இனி யாருக்கும் பதில் சொல்ல மாட்டோம் என்று அவர் பெயரால் உறுதி ஏற்போம்! இந்தக் கூட்டம் முடிந்ததும் துணைவியார் வழிகாட்ட நேரே அங்கேதான் போகிறோம். சேற்றில் இறங்கி, தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கே நின்றே பதில் சொல்வோம்: இருக்கிறது!