அவர்கள் சொன்ன குற்றவாளி

நீங்கள் வாங்கிக்கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன், மேடம். தப்பாக நினைக்காதீர்கள். புது ஆள் எதிரே இருந்தால் எனக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. வகுப்பில் எழுந்து பதில் சொல்ல முடியாமல்தான் பத்தாவதோடு பள்ளியை விட்டேன். நீங்கள் கேட்டவற்றுக்கும் வீட்டுக்கு வந்துதான் எழுதுகிறேன்.

கரும்பாலைக் கொட்டகையில் என்ன செய்தோம் என்று கேட்டீர்கள். விளையாடினோம். மூணாறு விடுதி ஒன்றில் வேலை பார்த்த ரிஞ்சு, விருந்தாளி ஒருவர் விட்டுப்போன இருபது முகப் பகடையைக் கொண்டுவந்து சொல்லிக்கொடுத்த விளையாட்டு. ஒருவர் கதை நடத்த வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் துப்பறிவாளர்களாகப் பேசுவார்கள். பூட்டு திறக்குமா, சாட்சி வாய் திறப்பாரா என்பதைப் பகடை சொல்லும். ரிஞ்சு, நிமி, மாரீஸ்வரி மூவரும் துப்பறிவார்கள். கதை நடத்துவது நான். அங்கே மட்டும் என் குரல் நடுங்காது. நான் சொன்னால் மழை பெய்யும். நான் சொன்னால் பிணம் கிடைக்கும்.

பாகு காய்ச்சும் சின்னமுத்து அண்ணன்தான் எங்களுக்கு இடம் கொடுத்தார். "இன்னைக்கு யாரைக் கொன்னீங்க பாப்பா?" என்று கேட்டுவிட்டு, சூடு ஆறாத வெல்ல உருண்டையைக் கையில் வைப்பார்.

துப்பறியும் கதை நடத்துவதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் ஒருவனைக் குற்றவாளியாக வைத்திருப்பேன். ஆடுபவர்கள் வேறொருவனைச் சந்தேகிப்பார்கள். அவர்களுடைய ஊகம் நன்றாக இருந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடுவேன். அவர்கள் தேடும் இடத்திலேயே தடயம் இருக்கும். கண்டுபிடித்ததும் மலருமே, அந்த முகங்களுக்காகத்தான்.

இந்த வருடம் அவர்களுக்குச் சலித்துவிட்டது. நிமிக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது.

"எல்லாம் ஒன் வாயிலதான் நடக்குது. நெசமா ஒண்ணு நடந்தாச் சொல்லு, வாரேன்" என்றாள் மாரீஸ்வரி.

"இவளா? கடையில உப்புக் கேக்கவே இவளுக்குத் தொணைக்கு ஆளு வேணும்" என்று ரிஞ்சு சிரித்தான்.

காட்டோரத்தில் யானை ஒடித்துப்போட்ட சந்தனக் கிளை கிடந்தது. உடைத்து எடுத்துவந்து, ஒரு துண்டைக் கொட்டகையின் கரும்புச் சக்கைக் குவியலில் வைத்தேன். சந்தனம் கையில் இருந்தால் ஜாமீன் லேசில் கிடைக்காது என்று மறையூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அது நல்ல தடயம். நான் மனதில் வைத்திருந்த குற்றவாளி, உலகத்திலேயே இல்லாத ஒரு லாரிக்காரன். நான் வைத்தது என்று தெரியாமல் மூவரும் அதைக் கண்டெடுத்தார்கள்.

"கொட்டகைச் சாவி யாருகிட்ட இருக்கு?" என்றாள் நிமி.

"சின்னமுத்து அண்ணன்கிட்ட" என்றான் ரிஞ்சு.

"பெறகென்ன!"

யோசித்துப் பார்த்தேன். பொருத்தமாகவே இருந்தது. இன்னொரு துண்டை அவர் படுக்கும் சாக்குக்கு அடியில் வைத்தேன்.

விடையை என்னிடம் வந்து சொல்வதுதான் வழக்கம். இந்தத் தடவை வனத்துறையிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

ஜீப் வந்தபோது பாகு கொதித்துக்கொண்டிருந்தது. சின்னமுத்து அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். "பாப்பா, நீயாவது சொல்லும்மா. நான் அப்படிப்பட்ட ஆளா?" இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கதை நடத்துபவர் நடுவில் விடை சொல்லக் கூடாது. அவர் பின்வாங்கினார். ஈரச் சக்கையில் கால் வழுக்கிக் கொப்பரைக்குள் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் உயிர் இருந்தது. அவர் மனைவி சுருளியம்மாள் அக்கா இப்போதும் என்னிடம்தான் வந்து அழுகிறார். நான் குறுக்கே பேசாமல் கேட்பது ஆறுதலாக இருக்கிறதாம்.

மூவரும் மறுபடி தினமும் என்னைத் தேடி வருகிறார்கள். நிமி பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

பிறகு நீங்கள் விசாரணைக்கு வந்தீர்கள். கட்டையில் ரம்பம் பட்ட தடம் இல்லை, யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். கெட்டிக்காரர். ஆனால் என்னிடம் கேட்டதில் பாதி ரிஞ்சுவைப் பற்றி. அவனுக்கும் அண்ணனுக்கும் சண்டை உண்டா, அவன் காட்டுப்பக்கம் போவானா என்றீர்கள். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. அவன் எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. யோசித்தால், நல்ல ஊகம்தான்.

மீதித் துண்டு அவன் வீட்டுக் கோழிக்கூட்டின் கூரை ஓலைக்குள் இருக்கிறது. உங்களிடமிருந்து திரும்பி வரும் வழியில் வைத்தேன். இந்தக் காகிதத்தை உங்களிடம் கொடுக்கப்போவதில்லை, மேடம். நான் ஒருபோதும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. நீங்களாகவே கண்டுபிடியுங்கள், அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.