தொட்டிமேல் உட்கார்ந்திருந்தவன்

தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை. மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். சுவர்க் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. திறந்த கதவு வழியாகத் தெரிகிறது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் மிதக்கிறது.

முற்றத்துச் சிமெண்ட் தொட்டியின்மேல் மூன்று உயிர்கள் இருக்கிறோம். நான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிற என் மகள் செல்வி. எங்கள் நாய் துரை. தொட்டி என் நெஞ்சு உயரம். மேலே கடப்பாக்கல் மூடி. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு சாண். ஒரு மணிக்குப் பார்த்தபோது நான்கு சாண் இருந்தது.

எதிர்வீடு மாடி வீடு. சுடலை அண்ணாச்சி வீடு. இருபது எட்டு நடைதான். அந்த இருபது எட்டுக்கு நடுவில் தெரு இல்லை. ஆறு ஓடுகிறது. சீவலப்பேரிப் பக்கம் இரண்டு ஆறுகள் சேர்கிற இடத்தில் இருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அன்று இரண்டும் சேர்ந்தே தெருவுக்குள் வந்தன. அண்ணாச்சி மாடியிலிருந்து கத்துகிறார்.

"தாயி, எறங்காத! தெருவுக்குள்ள எறங்காத! இழுத்துட்டுப் போயிரும்!"

சத்தங்களைச் சொல்கிறேன். தண்ணீர் அரிசி ஆலை மாதிரி இரைகிறது. நிற்கவே இல்லை. நடுநடுவே தொம் என்று ஒரு சத்தம். ஒவ்வொரு தொம்முக்கும் எங்கேயோ ஒரு மண்சுவர். யார் வீட்டுச் சுவர் என்று செல்வி கேட்கிறாள். மிதக்கிற காஸ் சிலிண்டர் ஒன்று எங்கள் தொட்டியில் வந்து வந்து இடிக்கிறது. டங். டங். துரை அதைப் பார்த்து உறுமுகிறான். செல்வி துப்பட்டாவைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டரையிலிருந்து அவளுக்கு வலி. விட்டு விட்டு வருகிறது.

இரண்டேகாலுக்கு இன்ஜின் சத்தம். கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த ஃபைபர் வள்ளம். ஓட்டுகிறவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. புன்னக்காயல்காரர் என்று பிறகு தெரிந்தது. கடலில் வளர்ந்த மனிதர். எங்கள் தெருவில் எங்கே சுவர், எங்கே அடிபம்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? முன்னால் ஒருவர் கழியால் குத்திப் பார்த்துப் பார்த்துக் கத்துகிறார்.

"சொவரு! சொவரு! எடப்பக்கம் தள்ளு!"

வள்ளத்தில் ஏற்கெனவே ஒன்பது பேர். தொட்டியோடு ஒட்டி நிறுத்தினார்கள். செல்வியை இரண்டு கைகள் வாங்கின. நான் இறங்கினேன். துரை முன்னங்கால் இரண்டையும் வள்ளத்தின் விளிம்பில் வைத்தான். வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. எல்லாரும் கத்தினார்கள்.

"நாய அடக்குங்க! கவுந்துரும்!"

உள்ளே இருந்த பெரியவர் ஒருவர், "மனுசனுக்கே எடமில்ல, நாயாம் நாய்!" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மடியில் இரண்டு பேரப்பிள்ளைகள்.

வள்ளக்காரர் என்னைப் பார்த்தார். "அர மணி நேரத்துல திரும்ப வாரேன் தாயி. ஒங்க நாய அப்ப ஏத்திக்கிடுதேன். இப்ப அத அங்கன இருக்க வையுங்க."

இருக்க வைப்பது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் இந்தச் சாட்சியத்துக்கு அர்த்தமே இல்லை.

நான் திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். காலை ஏழு பத்து டவுன் பஸ். ராத்திரி வீடு திரும்ப எட்டே முக்கால். கணவர் இல்லை. செல்வியைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. அப்போது வந்தவன் துரை. பஸ் நிறுத்தத்தில் கிடந்த குட்டி. செம்மண் நிறம். வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை. நடையைப் பார்த்துவிட்டு அண்ணாச்சிதான் துரை என்று பெயர் வைத்தார். "சம்பளம் வாங்காத கலெக்டரு" என்பார்.

சனிக்கிழமை புன்னக்காயல் மீன்காரர் வண்டியில் வருவார். துரைக்கென்று சாளைத் தலைகளைத் தனியாகத் தாளில் கட்டிக் கொடுப்பார். வேகவைத்துச் சோற்றில் பிசைவேன். முள்ளை நானே எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளியல். பிறகு வெயிலில் மல்லாக்கப் படுக்கப்போட்டு உண்ணி பொறுக்குவேன். காதுக்குள், விரல் இடுக்கில், வால் அடியில். வேப்பெண்ணெய் தடவினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். வருடம் தவறாமல் கால்நடை மருந்தகத்தில் ஊசி. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்தாயா என்று செல்வி கேட்பாள். இல்லை. பார்க்கவில்லை. அப்போது எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

அவனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். நான் ஏறிய பஸ்ஸை விரட்டிக்கொண்டு ஓடுவான். பாலம் வரை ஓடுவான். ஒருநாள் பைக் ஒன்று அடித்துவிட்டது. பின்னங்கால் ஒடிந்தது. பதினோரு நாள் லீவு போட்டு, மடியில் வைத்துச் சோறு ஊட்டினேன். பன்னிரண்டாம் நாள் முடிவெடுத்தேன். இவனை ஓட விடக்கூடாது.

தொட்டிமேல் ஏற்றி உட்காரவைத்தேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்வதில்லை அல்லவா. 'போயிட்டு வாரேன்' என்றேன். பத்து எட்டு நடந்தேன். அவன் இறங்கவில்லை என்றால் திரும்பி வந்து ஒரு பொறை. டீக்கடையில் விற்கிற காய்ந்த ரொட்டிதான். அதற்கு உயிரை விடுவான். இறங்கிவிட்டால் அடி. துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய் ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தேன். வலிக்காது, சத்தம்தான் பெரிதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலித்திருக்கும். ஒரு தடவை அடி வாங்கிவிட்டு என் காலடியிலேயே மூத்திரம் போய்விட்டான். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை மறுபடியும் குழாயை எடுத்தேன்.

இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டான். பிறகு குழாய் தேவைப்படவில்லை. ஏழு மணிக்குத் துவைகல்லில் ஏறி, அங்கிருந்து தொட்டிமேல் தாவி, என் வார்த்தைக்காகக் காத்திருப்பான். நான் சொன்னதும் வாலைச் சுருட்டி உட்கார்ந்துவிடுவான். குரைக்க மாட்டான். நான் கடையில் நாள் முழுக்க உட்காரக்கூடாது. அவன் வீட்டில் நாள் முழுக்க எழுந்திருக்கக்கூடாது. அண்ணாச்சி சிரிப்பார். "எறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு, தண்ணி குடிச்சிட்டு, மறுபடி ஏறி உக்காந்துகிடுதான். கவர்மெண்டு ஆபீஸ்லகூட இப்படி எவனும் சீட்டுல இருக்க மாட்டான் தாயி." எனக்குப் பெருமை தாங்காது. கடையில் எல்லாரிடமும் சொல்வேன். போனில் படம் காட்டுவேன்.

வள்ளம் ஆடுகிறது. பதினொரு பேர். துரையின் வெள்ளைக் கால் விளிம்பில் இருக்கிறது. நகம் ஃபைபரில் கீறுகிற சத்தம் கேட்கிறது. செல்வி, "அம்மா, துரை! துரைய விட்டுராத!" என்று கத்துகிறாள். கத்தும்போதே வலி வந்து மடங்குகிறாள்.

நான் அவன் காலை எடுத்துக் கல்மேல் வைத்தேன். அவன் கண்ணைப் பார்த்தேன்.

"போயிட்டு வாரேன்" என்றேன்.

அவன் வாலைச் சுருட்டி உட்கார்ந்தான்.

இரண்டு இருபது. வள்ளம் திரும்பியது. அண்ணாச்சியின் மாடிப்படியை உரசிக்கொண்டுதான் போனது. அந்தப் படியில் நாயை இறக்கிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதலிலேயே தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் படிவரை பிடித்துக்கொண்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அரை மணி நேரம்தானே என்று இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். குரைக்கவில்லை. பஸ் போகும்போது எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் பார்த்தான்.

மேட்டுச் சாலையில் இறக்கினார்கள். அங்கிருந்து டிராக்டர். பிறகு ஒரு கல்யாண மண்டபம். நாலரை மணிக்கு ஒரு நர்ஸம்மா வந்து செல்வியைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தார். சிரித்தார்.

"பயப்படாதீங்க. இது பொய் வலி. பிரசவத்துக்கு இன்னும் நாள் கெடக்கு."

பொய் வலி. நான் மண்டபத்து வாசலுக்கு ஓடினேன். வள்ளக்காரர் சாலையில் உட்கார்ந்திருந்தார். அறுந்து கிடந்த கேபிள் வயர் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டு, விசிறி உடைந்திருந்தது. மூன்று மணியிலிருந்து கத்தியால் அறுத்துக்கொண்டிருக்கிறார். கை முழுக்க ரத்தம். என்னைக் கண்டதும் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். நான் தண்ணீரை நோக்கி நடந்தேன். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். ஒருவரைக் கடித்தேன் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை எந்த வள்ளமும் எங்கள் பக்கம் போகவில்லை. ஹெலிகாப்டர் சத்தம் மூன்று முறை கேட்டது.

புதன்கிழமை காலை ஒன்பதரை. முழங்கால் சகதியில் நடந்து வந்தேன். தெருமுனையில் நாய்கள் ஓடி வந்தன. பேர் இல்லாத நாய்கள். எச்சில் இலைக்குச் சண்டை போடுகிறவை. நான் கல்லெறிந்து விரட்டியவை. எண்ணினேன். ஆறு. அத்தனையும் வாலாட்டின.

அண்ணாச்சி மாடியிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு நாளும் அங்கேயே இருந்தவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். நான் பார்க்காததை அவர் பார்த்திருக்கிறார்.

"தெரு நாயெல்லாம் மூணு மணிக்கே நீந்தி என் மாடிப்படிக்கு வந்துட்டு தாயி. ஒன் தொர வரல. தண்ணி கல்லுக்கு மேல ஏறிட்டு. நிக்குதான். வயித்துக்கு வந்துட்டு. அப்பவும் நிக்குதான். தள்ளிட்டுப் போகுது. நீந்தி மறுபடி வந்து அந்தக் கல்லத் தேடி ஏறுதான். மூணு தடவ. நான் தொண்ட கிழியக் கூப்புட்டேன். 'லே தொர, இங்கன வாலே, வாலே'ன்னு. பிஸ்கட்டக் காட்டுனேன். பாதித் தூரம் வந்துட்டான் தாயி. இன்னும் பத்தே எட்டு. நின்னு ஒன் தொட்டியத் திரும்பிப் பாத்தான். பொறவு..."

பிறகு சொன்னார்.

"காத மடக்கிக்கிட்டான் தாயி. யாரோ அடிக்கப்போற மாதிரி. அப்படியே திரும்பிப் போயிட்டான். அஞ்சு மணிக்குப் பொறவு தல தெரியல."

அடி வாங்கப் போகும்போது அவன் காதை எப்படி மடக்குவான் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியாது. அவரிடம் குழாயைப் பற்றிச் சொன்னதே இல்லை.

தேட வேண்டியிருக்கவில்லை. தொட்டிக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில், ஒரு முழ இடைவெளியில், சகதிக்குள் இருந்தான். வெள்ளைக் கால் மட்டும் வெளியே. அதுவும் வெள்ளையாக இல்லை. கையால் தோண்டினேன். குடிக்க என்று மண்டபத்தில் கொடுத்த ஒரு தண்ணீர்ப் பாக்கெட் இடுப்பில் இருந்தது. பல்லால் கிழித்து அவன் முகத்தைக் கழுவினேன். கண்ணைக் கழுவினேன். காதுக்குள் மண். விரலால் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை உண்ணி பொறுக்குவதுபோலத்தான். அவன் மூஞ்சியைத் திருப்பவில்லை. அண்ணாச்சி மண்வெட்டி கொண்டுவந்தார். பதினொரு மணிக்கு மூடினோம்.

மூன்று வாரம் கழித்துச் செல்விக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். நல்ல எடை. துரையைப் பற்றி அவள் ஒரே ஒருமுறைதான் பேசினாள். "எனக்கு அன்னைக்கு வலிக்காம இருந்திருக்கலாம்மா" என்றாள். நான் அவள் தலையைத் தடவினேன். குழாயைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

இப்போதும் ஏழு பத்து பஸ்தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நான் எதுவும் சொல்வதில்லை. குழந்தையிடம்கூடச் சொல்வதில்லை. செல்வி கோபப்படுகிறாள். சொல்லாமல் போனால் அபசகுனமாம். என் வாயில் அந்த வார்த்தை வரவில்லை.

வெள்ள இழப்பைக் கணக்கெடுக்க அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். தாளில் மாடு என்று ஒரு கட்டம். ஆடு. கோழி. நாய்க்குக் கட்டம் இல்லை. வந்த பையன் நல்ல பிள்ளை. "ஓரத்துல எழுதிக்கிடட்டுமாக்கா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஓரத்தில் எழுதத் துரை என்ன வழிப்போக்கனா? நானே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் போனவை: பின்சுவர் ஒன்று. கட்டில் ஒன்று. பீரோ ஒன்று, அதற்குள் என் கணவரின் போட்டோக்கள் எல்லாம். தையல் மிஷின். செல்வியின் வளைகாப்புச் சேலை. டப்பாவில் இருந்த பொறை, எட்டு. அட்டைக் குழாய் போகவில்லை. பரணில் இருந்தது. நனையக்கூட இல்லை.

எங்கள் தெருவில் போனவை: மண்வீடு ஐந்து. பசு இரண்டு. வெள்ளாடு பதினான்கு. மனிதர்கள் யாரும் இல்லை.

நாய்கள் ஏழு இருந்தன. யாரும் வளர்க்காத ஆறும் பிழைத்துவிட்டன. நான் வளர்த்தது மட்டும் செத்துப்போனது.