தங்கையின் அஞ்சல் பெட்டி

கடவுச்சொல்லை மறந்துவிட்டு வந்து நிற்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை, ஐயா. ஆளுக்கு ஆயிரம் தொல்லை, இதில் அது எங்கே ஞாபகம் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பேன். எங்கள் அலுவலகத்துக்கு வெப்மெயில் நிறுவியது நான்தான். யாரை உள்ளே விடுவது, எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதெல்லாம் என் கைவேலை. அத்தனை பேரின் அஞ்சல் பெட்டியும் என் கையில் இருந்தும் ஒருவருடையதையும் எட்டிப் பார்த்ததில்லை.

தங்கையுடையதைத் தவிர. தங்கை என்ன வேற்றாளா?

அவள் அங்கேயே கணக்குப் பிரிவில் இருந்தாள். கணவர் தவறிய பிறகு மகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சமையல், துணிமணி, என் மாத்திரை எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் சின்ன விஷயத்துக்கும் கலங்கிப்போவாள். அதனால் அவளுக்கு வருகிற கடிதங்கள் முதலில் என் கண்ணில் படும்படி அமைத்துவைத்தேன். மேலதிகாரி கடுகடுவென்று எழுதியதை ஒதுக்கிவிட்டு, நானே அவரிடம் நயமாகப் பேசி முடித்துவிடுவேன். வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வந்தது.

அவள் பரிசோதனை செய்துகொண்ட ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தையும் அப்படித்தான் ஒதுக்கினேன். கட்டி இருக்கிறது, ஆரம்ப நிலைதான், உடனே வந்தால் குணமாக்கிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைக்குப் பரீட்சை நேரம். முடியட்டும் என்று இருந்தேன். பிறகு எனக்கு முதுகுவலி. அவர்களோ விடாமல் நினைவூட்டினார்கள். வேறு இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன், நன்றி என்று அவள் பெயரில் மரியாதையாகப் பதில் போட்டேன்.

ஒருநாள் எனக்குப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

“அண்ணா, ஆஸ்பத்திரியிலேருந்து மெயிலே வரலையே. நேர்ல போய்க் கேட்டுட்டு வரட்டுமா?”

“வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்மா. ஏதாவது இருந்தா சும்மா விடுவாங்களா?”

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள். அவள் படுத்துவிட்டால் வீட்டை யார் பார்ப்பது என்று நான் நினைத்ததே இல்லை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். வலி பொறுக்காமல் அவளாகவே ஓடியபோது காலம் கடந்துவிட்டது.

நான் செய்த பிழை ஒன்றுதான். ஒதுக்கிய கடிதங்களை அவள் பெட்டிக்குள்ளேயே அவள் கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுவைத்தேன். என் பெயரில் உள்நுழைந்து போட்டதால், அந்தக் கடிதக் கோப்புகளுக்கு உரிமையாளர் நான் என்று பதிந்துவிட்டது. அவள் இறந்தபின் பெட்டியை மூட வந்த புதுப் பொறியாளரம்மா, “இவங்க பெட்டிக்குள்ள உங்க பேர்ல எப்படி சார் கோப்பு இருக்கு?” என்று கேட்டார். கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆமாம், நான்தான் செய்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பிள்ளைதான் பாவம். முன்னாலேயே வந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்று டாக்டருக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். நான் இங்கே விசாரணைக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் பதில் வந்தது. அவள் பெட்டியும் நான் அமைத்துக் கொடுத்ததுதான். கடிதத்தை எடுத்து ஒதுக்கிவிட்டேன். இந்தமுறை உரிமையாளர் பெயரையும் மறக்காமல் மாற்றினேன். குழந்தை நிம்மதியாகத் தூங்கட்டும், ஐயா.